ஆண்டின் சிறந்த மரணக் காட்சி

நவம்பர் 9

தொலைக்காட்சித் தொடர் வசனகர்த்தா அவர்களுக்கு,

1. மார்ச் 14. மருத்துவமனை நடைக்கூடம். என் மனைவி படுத்திருந்த அறையின் கதவைப் பாதி திறந்துகொண்டு தாங்கள் வெளியே வந்தீர்கள். "அண்ணி தூங்குறாங்கண்ணா, இப்பத்தான் கண்ணசந்தாங்க" என்றீர்கள். நான் நம்பினேன். கீழே போய்த் தேநீர் குடித்தேன். திரும்பி வந்தபோது நர்ஸ் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

2. மார்ச் 16, ஏப்ரல் 20. கடைசியாக அவள் ஏதாவது சொன்னாளா என்று இரண்டு முறை தங்களிடம் கேட்டேன். இரண்டு முறையும் ஒரே பதில்: "ஒண்ணும் சொல்லலண்ணா, தூக்கத்துலயே போயிட்டாங்க."

3. ஜூலை. தாங்கள் வசனம் எழுதும் தொடரில் மூத்த மருமகளுக்கு என் மனைவிக்கு வந்த அதே நோய் வந்தது. அப்போது எனக்கு இது தெரியாது. தங்கள் தொடரை நான் பார்ப்பதில்லை என்பதும், என் விமரிசனத்தைத் தாங்கள் படிப்பதில்லை என்பதும் குடும்ப அமைதிக்காக நாம் செய்துகொண்ட ஏற்பாடு.

4. அக்டோபர் 17. அந்த மூத்த மருமகள் இறந்தாள். இறப்பதற்கு முன் தன் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர் வந்தா நான் தூங்கிட்டேன்னு சொல்லு" என்றாள். நாத்தனார் வெளியே போய்க் கணவனிடம் அப்படியே சொன்னாள்.

5. நவம்பர் 6. பத்திரிகையின் ஆண்டுக் கண்ணோட்டத்துக்காக இந்த ஆண்டின் தொடர்களை வரிசையாகப் பார்த்துவருகிறேன். ஆசிரியர் குழு அனுப்பிய பட்டியலில் தங்கள் தொடரும் இருந்ததால், ஏற்பாட்டை மீறி அதையும் பார்க்க நேர்ந்தது. என் மனைவியின் கடைசி வாக்கியத்தை விளம்பர இடைவேளைக்குச் சற்று முன்னால் கேட்டேன். அடுத்து ஒரு சலவைத்தூள் விளம்பரம் வந்தது.

என் கேள்வி ஒன்றே. அவள் அதைச் சொன்னாளா, அல்லது தாங்கள் எழுதினீர்களா?

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பேச்சு தங்கள் தொழில். பேச்சில் தாங்கள் தப்பித்துவிடுவீர்கள். எழுத்து மூலமான பதிலை நவம்பர் 20ஆம் தேதிக்குள் எதிர்பார்க்கிறேன். நலம் விசாரிப்பதை அதுவரை ஒத்திவைத்திருக்கிறேன்.

தங்கள் மூத்த சகோதரன்

*

நவம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நலமா என்று கேட்டால் அதற்கும் எண் போட்டுப் பதில் வருமோ என்று பயமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? அண்ணி இருந்தவரை தண்ணீர் டம்ளர் மேலேயே வைத்துவிடுவார்கள், நீங்கள் மாத்திரையைத் தாண்டித் தண்ணீர் குடிக்க முடியாது. இப்போது யார் வைக்கிறார்கள்?

என்னைத் 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது வருடத்தில் முதல் தடவை. "அறிவிருக்கா உனக்கு" என்று நாலு வரி திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

தொடரை நான் ஒருத்தி எழுதவில்லை, அண்ணா. கதைக்கு ஒருவர், திரைக்கதைக்கு இரண்டு பேர், வசனத்துக்கு நான், இவர்கள் அத்தனை பேர் எழுதுவதையும் மாற்றுவதற்கு சேனலில் ஒருவர். மூத்த மருமகளைச் சாகடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த நடிகைக்கு வேறொரு தொடரில் கதாநாயகி வாய்ப்பு வந்துவிட்டது. போகிற பெண்ணை வெளிநாடு அனுப்புவதா, கோமாவில் படுக்க வைப்பதா, ஒரேயடியாகக் கொன்றுவிடுவதா என்று கூட்டம் போட்டார்கள். "வெளிநாடு போனா திரும்பி வந்து சம்பளம் ஏத்திக் கேப்பா, போட்டோல மாலை போட்ருங்க" என்றார் தயாரிப்பாளர். என்ன நோய் என்பதைக் கதை இலாகா முடிவுசெய்தது.

ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் வசனம் எழுதுகிறவளுக்கு எந்த வரி எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? காய்கறிக்காரர் சொன்னது, பக்கத்து வீட்டுச் சண்டை, பஸ்ஸில் கேட்டது, எல்லாம் கலந்துதான் வரும்.

உங்கள் பட்டியலில் எங்கள் தொடரைச் சேர்க்க வேண்டாம். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் முக்கியமாக எழுதினேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. காதுக்குத் துணி கட்டாமல் வாக்கிங் போகாதீர்கள்.

என்றும் உங்கள் தங்கை

*

நவம்பர் 23

வசனகர்த்தா அவர்களுக்கு,

பதில் குறித்த தேதியிட்டு வந்தது. பதிலில் பதில் இல்லை. மாத்திரையை நானே எடுத்துவைத்துக்கொள்கிறேன்.

தங்களை இனிச் சகோதரியாகக் கருதிக் கேட்பதில் பயனில்லை. விமரிசகனாகக் கேட்கிறேன். அந்தக் காட்சியை ஏழு முறை பார்த்தேன். எழுத்து என்ற அளவில் அது பிழையானது.

தொடரில் அந்தக் கணவன் குடிப்பவன் அல்ல. கை ஓங்குபவன் அல்ல. வேறொரு பெண்ணிடம் போகிறவனும் அல்ல. மருத்துவமனையில் இரவு பகலாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அப்படிப்பட்டவனைச் சாகும் நேரத்தில் ஒருத்தி ஏன் அறைக்கு வெளியே நிறுத்துகிறாள்? முன்னால் ஒரு காரணமும் இல்லை. பின்னால் ஒரு விளக்கமும் இல்லை. நடிகை கண்ணை மூடுகிறாள், வயலின் தொடங்குகிறது. பார்ப்பவர்கள் அழுதுவிடுவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. வயலினை நீக்கிவிட்டுப் படித்தால் அது ஒரு துண்டு வாக்கியம்.

பஸ்ஸில் கேட்ட வாக்கியம் இப்படி இருக்காது. கற்பனை செய்த வாக்கியமும் இப்படி இருக்காது. கற்பனை செய்பவர்கள் காரணத்தையும் சேர்த்தே கற்பனை செய்வார்கள். உண்மையாகச் சொல்லப்பட்ட ஒன்றைப் பாதியில் வெட்டினால்தான் இப்படி வரும்.

தர்க்கவியல் பாடம் நடத்துகிறவனிடம் தாங்கள் காய்கறிக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

நவம்பர் 30 கடைசி நாள்.

தங்கள் சகோதரன்

*

டிசம்பர் 1

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உடம்பு தேவலையா? உங்கள் வீட்டு அம்மா போன பிறகு முதல் ஆண்டு மலர். கட்டுரை கேட்கவே தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்தாம் தேதிக்குள் வந்தால்தான் அச்சுக்குக் கொடுக்க முடியும்.

ஒரு சின்ன வேண்டுகோள். அந்த மூத்த மருமகள் இறந்துபோகும் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அலுவலகமே அழுதது. மெய்ப்புப் பார்க்கும் அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நம்ம சார் இதையும் கிழிச்சுத் தொங்க விட்ருவாருங்க" என்று விளம்பரப் பிரிவில் ஒருவர் சொல்ல, "மனுசனாப் பொறந்தா இதுக்கு அழுதுதான ஆகணும்" என்று அந்த அம்மா சண்டைக்கே போய்விட்டார். வாசகர் கடிதங்கள் மூட்டையாக வருகின்றன. வசனம் எழுதியது யாரோ ஒரு பெண்மணியாம். பெயர் கடைசியில் ஓடிவிடுவதால் கவனிக்கவில்லை.

அந்தக் காட்சிக்கு மட்டும் முதல் இடம் கொடுத்து நாலு வரி எழுதிவிடுங்கள். மற்றதில் யாரை எப்படி வேண்டுமானாலும் வெளுத்துக்கொள்ளுங்கள், நான் கை வைக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஐயா.

அன்புடன்
ஆசிரியர்

*

டிசம்பர் 5

ஆசிரியர் அவர்களுக்கு,

உடல்நலத்தில் குறை ஒன்றும் இல்லை. கட்டுரை இணைப்பில் உள்ளது. தாங்கள் படிக்காமல் அச்சுக்கு அனுப்பும் வழக்கம் உள்ளவர் என்பதால் முக்கியப் பகுதிகளை இங்கேயும் தருகிறேன்.

"மருந்துக் கடை நடத்தும் மூன்று சகோதரிகளைப் பற்றிய தொடரே இந்த ஆண்டின் சிறந்த நாடகம். யாரும் சத்தம் போடவில்லை. மூத்தவள் கடையை விற்றுவிட்டு ஷட்டரை இறக்கும் காட்சியில் பின்னணி இசையைத் தடுத்து நிறுத்தியவர் யாராயினும் அவருக்கு என் மரியாதை.

நீதிமன்றத் தொடரில் ஒரே வழக்கு ஆண்டு முழுவதும் நடந்தது. இந்த ஒரு விஷயத்தில் அது உண்மைக்கு நெருக்கமாக இருந்தது.

பேருந்து ஓட்டுநரின் இரண்டு குடும்பங்களைப் பற்றிய தொடர் கோடை வரை நன்றாகவே ஓடியது. கோடையில் இரட்டைப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். இரட்டையர் வந்த பிறகு பிழைத்த தொடரை நான் பார்த்ததில்லை.

நகைச்சுவையைப் பொறுத்தவரை, அடுக்குமாடிக் குடியிருப்பில் பழுதான லிஃப்டைப் பற்றிய தொடர் பெரும் வரவேற்பைப் பெற்றதாக அறிகிறேன். இரண்டு பகுதிகளுக்கு மேல் என்னால் பார்க்க இயலவில்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று பதிவுசெய்த சிரிப்பொலி நமக்குச் சொல்லித்தருகிறது. பார்ப்பவரின் புத்தி மேல் அவ்வளவு நம்பிக்கை."

தாங்கள் குறிப்பிட்ட மரணக் காட்சி பட்டியலில் இல்லை. அது முழுமை பெறாத எழுத்து. முழுமை பெறாததை நான் மதிப்பிடுவதில்லை. இது குறித்து மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து வேண்டாம்.

இங்ஙனம்
கட்டுரையாளர்

*

டிசம்பர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கொடுத்த நாள் போய்விட்டது, தெரியும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாள் தவறாமல் நாற்பது பக்கம் எழுதுகிறவள் நான்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் தொண்டைக் கட்டு. நீங்கள் எப்படி?

ஆமாம். அண்ணி சொன்னதுதான்.

அதை எழுத வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. அன்றைக்குச் சாவுக் காட்சி மதியம் எடுப்பதாக இருந்தது, காலையிலேயே எடுக்கிறோம் என்றார்கள். எங்கள் செட்டில் வசனப் பேப்பர் எப்போதும் கடைசி நிமிஷத்தில்தான் போகும். நடிகைக்கு மேக்கப் போடும்போதே ஒருவர் பக்கத்தில் நின்று படித்துக் காட்டுவார். அன்றைக்கு என் கையில் ஒரு பக்கமும் இல்லை. கட்டிலில் விளக்குப் போட்டாகிவிட்டது. நடிகை மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு படுத்தாகிவிட்டது. டைரக்டர் மைக்கிலேயே கத்துகிறார்: "அக்கா, பொணம் ரெடி, பேப்பர் எங்க?"

அந்தக் கட்டிலைப் பார்த்தேன். அதே இரும்புக் கட்டில், அதே பச்சை விரிப்பு. என்னிடம் வேறு ஒன்றும் இல்லை, அண்ணா. இருந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே, மேக்கப் பெட்டி மேல் வைத்து. பாதியை டைரக்டர் அடித்துவிட்டார். மீதியை அந்தப் பெண் சொன்னாள். ஒரே டேக்கில் ஓகே.

"பிரமாதம்க்கா, எங்க புடிச்சீங்க இந்த வரிய?" என்று எல்லோரும் கேட்டார்கள். கேன்டீனில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

இதற்கு மேல் கேட்காதீர்கள். அண்ணி உங்களை வெறுக்கவில்லை. அது மட்டும் நிச்சயம்.

தங்கை

*

டிசம்பர் 15

தங்கைக்கு,

உன் தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

ஒப்புக்கொண்டதைப் பதிவுசெய்துகொள்கிறேன். கேக் சாப்பிட்டதையும்.

"பாதியை டைரக்டர் அடித்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறாய். வெட்டப்பட்டது என்று நான் சொன்னது சரியே. ஆகவே இந்த நிலையில் என் மனைவியின் கடைசிப் பேச்சின் முழு வடிவம் மூன்று பேருக்குத் தெரியும். ஒருத்தி இறந்துவிட்டாள். ஒருத்தி நீ. இன்னொருவர் நான் முகம் பார்த்திராத ஒரு இயக்குநர். முப்பது ஆண்டுகள் அவளோடு ஒரே வீட்டில் இருந்தவன் இந்த வரிசையில் இல்லை.

அவள் என்னை வெறுத்தாளா என்று நான் கேட்கவில்லை. சான்றிதழ் தேவையில்லை. அடிக்கப்பட்ட பாதி தேவை.

கல்லூரியில் தேர்வுகள் நடக்கின்றன. மேற்பார்வைக்குப் போகிறேன், வருகிறேன். வீட்டில் பகலிலும் விளக்கு எரிவதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அணைக்க மறந்துவிடுகிறேன் போலிருக்கிறது. வேறு செய்தி இல்லை.

டிசம்பர் 22.

அண்ணன்

*

டிசம்பர் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தத் தடவையும் நாள் கடந்துவிட்டது. எழுதுவதில்லை என்றே முடிவு பண்ணியிருந்தேன். நேற்று ஆண்டு மலர் வந்தது. செட்டில் எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'ஆண்டின் சிறந்த மரணக் காட்சி'. முதல் வரியைப் படித்ததுமே நீங்கள் எழுதியதில்லை என்று தெரிந்துவிட்டது. 'நெஞ்சை உருக்கும்' என்று எழுதுவதைவிட நீங்கள் கையை வெட்டிக்கொள்வீர்கள். உங்கள் ஆசிரியர் சேர்த்திருக்கிறார். நீங்கள் இந்நேரம் அவருக்கும் எண் போட்டு எழுதியிருப்பீர்கள்.

ஆனால் பாதிப் பொய்க்கு உங்கள் பெயரில் முதல் பரிசு வந்துவிட்டது. இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. சொல்கிறேன். எண் கேட்காதீர்கள், வருகிறபடி எழுதுகிறேன்.

அண்ணி லிஃப்ட் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமாம். அதேதான். என் போனில். தண்ணீர் ஜாடி மேல் சாய்த்து வைத்து, ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு. அந்தக் கடைசி வாரம் முழுக்கத் தினமும் பார்த்தோம். நீங்கள் வந்தால் நான் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன், அண்ணி கண்ணை மூடிக்கொள்வார்கள். நீங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவீர்கள். உங்கள் காலடி தள்ளிப்போனதும் திரும்ப எடுப்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

அன்றைக்கு லிஃப்ட் ரிப்பேர்காரர் மாட்டிக்கொள்ளும் பகுதி. அண்ணிக்கு அடக்க முடியவில்லை. "சிரிக்காதீங்கம்மா, டியூப் கழண்டுரும்" என்று நர்ஸ் வந்து அதட்டினார். "கழண்டா மாட்டுங்க, அதுக்குத்தான வேலைக்கு வெச்சிருக்காங்க" என்றார்கள் அண்ணி. நர்ஸும் சிரித்துவிட்டார். பிறகு அண்ணி உங்கள் மாதிரி பேசிக் காட்டினார்கள். குரல் இல்லை, மூச்சுத்தான். ஆனால் கண்ணாடியைத் தூக்கி வைக்கிற மாதிரி கையைக் கொண்டுபோய், "இதில் நகைச்சுவைக்கான தர்க்கம் எங்கே இருக்கிறது?" அண்ணா, அச்சு அசல் நீங்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது நடைக்கூடத்தில் உங்கள் ஷூ சத்தம். அண்ணிக்குத்தான் முதலில் கேட்டது. என் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னார்கள்:

"நீதிபதி வர்றாரு. வந்தா நான் தூங்கிட்டேன்னு சொல்லு. இது முடியட்டும், அப்புறம் கூப்ட்டுக்கலாம்."

இவ்வளவுதான். இப்படியேதான் எழுதிக் கொடுத்தேன், போன், லிஃப்ட், இயர்போன் எல்லாவற்றோடும். டைரக்டர் படித்துவிட்டு, "என்னக்கா, சாகப் போறவ காமெடி பாப்பாளா? ஒருத்தன் நம்ப மாட்டான்" என்று முன்னாலும் பின்னாலும் அடித்துவிட்டு நடு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டார். நான் சண்டை போடவில்லை.

உங்களிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். நீங்கள் அந்த வாசலில் நின்ற முகத்தைப் பார்த்தவள் நான். அந்த முகத்திடம் போய், 'அண்ணி ஒரு காமெடிக்காக உங்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்கள்' என்று எந்த வாக்கியத்தில் சொல்வது? நாற்பது பக்கம் எழுதுகிறேனே, அந்த ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை.

உங்களை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். இயர்போனை மாட்டிக்கொண்டேன். ரிப்பேர்காரர் லிஃப்டுக்குள் இருந்து கத்திக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன்.

இங்கே மூன்று நாளாக மழை. ஷூட்டிங் இல்லை. தொண்டை சரியாகிவிட்டது. தொடரிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன், சம்பளத்தை ஏற்றித் தருகிறோம் என்றார்கள். நான் காசுக்காகப் பேரம் பேசுவதாக நினைத்துவிட்டார்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

தங்கை

*

ஜனவரி 6

தங்கைக்கு,

உன் கடிதம் இரண்டாம் தேதி கிடைத்தது. தொண்டை சரியானது அறிந்தேன். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கல்லூரிக்குப் போகிறேன். உடம்பு தன் வேலைகளை என்னைக் கேட்காமல் செய்துகொள்கிறது.

பத்திரிகைக்கு எழுதி விலகிக்கொண்டேன். ஆசிரியர் நேரில் வந்தார். "நாலு வரிதானங்கய்யா, உங்க பேருக்கு நல்லதுதான நடந்துருக்கு" என்றார். தேநீர் கொடுத்து அனுப்பினேன். கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

உன் மேல் கோபம் இருக்கிறது. அது தனி. அது ஆறாது, நீயும் அதற்காகக் காத்திருக்காதே. மறைத்ததற்கு நீ சொன்ன காரணத்தை நான் ஏற்கவில்லை. வாக்கியம் கிடைக்கவில்லை என்பது ஒரு வசனகர்த்தா சொல்லத்தக்க காரணமல்ல. 'அப்புறம் கூப்ட்டுக்கலாம்' என்பது அவள் எனக்காகச் சொன்னது. எனக்குச் சேர வேண்டியது. அதை அடித்துப்போட்டவர் யாராக இருந்தாலும், ஒன்பது மாதம் கையில் வைத்திருந்தவள் நீ. இந்த ஒன்பது மாதமும் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது இறந்தாள் என்று நான் ஊரில் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். பார்க்க வந்தவர்கள், "நிம்மதியாப் போயிட்டாங்க, குடுத்து வெச்சவங்க" என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் லிஃப்ட் தொடரைத் தொடக்கத்திலிருந்து போட்டேன். முழுவதும் பார்த்தேன். நேற்று முடிந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளராக வருபவர் நல்ல நடிகர். அவர் கோபத்தில் சட்டைப் பொத்தானைத் தவறாகப் போட்டுக்கொண்டு அந்தப் பகுதி முழுக்க அப்படியே திரிவது யோசித்துச் செய்யப்பட்டது. பதிவுசெய்த சிரிப்பொலி இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது அந்தத் தொடரைப் பற்றிய தீர்ப்பல்ல. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ எழுதியிருப்பதில் ஒரு குறை உள்ளது. 'ரிப்பேர்காரர் மாட்டிக்கொள்ளும் பகுதி' என்று எழுதியிருக்கிறாய். எல்லாப் பகுதிகளிலும் ரிப்பேர்காரர் மாட்டிக்கொள்கிறார். அதுதான் அந்தத் தொடர். ஆகவே நான் முழுவதையும் பார்த்தும் அவள் பார்த்தது எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் அவர் மாட்டிக்கொண்டபோது இதுவாக இருக்குமோ என்று உட்கார்ந்திருந்தேன்.

பின்வருவனவற்றுக்குப் பதில் வேண்டும்.

1. எந்தப் பகுதி? எண் நினைவில்லையென்றால் அதில் வேறு யார் வந்தார்கள், என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று எழுது. நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

2. என் காலடிச் சத்தம் கேட்பதற்கு முன் அவள் எந்த இடத்தில், எந்த வசனத்துக்குச் சிரித்தாள்? உன் வேலை வசனம். இது உனக்கு நினைவிருக்க வேண்டும்.

3. சத்தம் வந்ததா, தோள் மட்டும் குலுங்கியதா? வீட்டில் என் முன்னால் அவள் சத்தமாகச் சிரித்ததில்லை. அதனால் கேட்கிறேன்.

4. நான் கீழே போன பிறகு நீ உள்ளே வந்து இயர்போனை மாட்டிக்கொண்டாய். நீ சிரித்தாய் என்று எழுதியிருக்கிறாய். அத்தோடு மழைச் செய்திக்குப் போய்விட்டாய். அந்த நேரத்தில் அவள் சிரித்தாளா? முடியட்டும் என்று சொன்னாளே, அது முடியும்வரை அவள் இருந்தாளா?

மன்னிப்பு, ஆறுதல், மாத்திரை பற்றிய நினைவூட்டல் எதுவும் பதிலாக ஏற்கப்படாது. நேரில் வராதே. நான்காவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்பதானால் அதையும் எழுது.

எழுத்து மூலமான பதில் ஜனவரி 20ஆம் தேதிக்குள் என் கையில் இருக்க வேண்டும்.

அண்ணன்